எல்லோரும் சம்மதித்த குழந்தை

ஜனவரி 12

அன்புள்ள அக்கா,

நீயும் அத்தானும் பிள்ளைகள் மூவரும் சுகந்தானே? அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? இங்கே நானும் இவரும் நலம். நலம் என்று எழுதுவது கைப்பழக்கம். மீதியைக் கீழே படி.

போனில் பேசினால் நீ அழுகிறாய், நான் கத்துகிறேன், நடுவில் அம்மா பிடுங்கித் தன் கடைசி வார்த்தையைச் சொல்லி வைத்துவிடுகிறாள். காகிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. நீயும் காகிதத்திலேயே பதில் போடு.

விஷயம் இதுதான். என் கருக்குழாய் இரண்டும் அடைப்பு. தானாக நடக்க வாய்ப்பே இல்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். சாதாரணமாக மாதத்துக்கு ஒரு கருமுட்டைதான் முதிருமாம். தினமும் ஊசி போட்டுப் பலவற்றை ஒரே சமயத்தில் வளர்த்து, மயக்கம் கொடுத்து, நீள ஊசியால் உள்ளேயிருந்து உறிஞ்சி எடுப்பார்கள். வெளியே இவருடைய அணுவோடு சேர்த்துக் கரு உண்டானால் திரும்ப உள்ளே வைப்பார்கள். அடுத்த மாதம் ஆரம்பம்.

"முப்பத்தெட்டு வயசுல எதுக்குடி இந்தக் கூத்து? விதியில இல்லன்னா விட்டுட வேண்டியதுதானே" என்றாள் அம்மா. அவளிடம் சொல்: விதி சொன்னபடி கேட்டிருந்தால் நான் இந்நேரம் ஏதாவது ஆபீசில் உட்கார்ந்து தபாலுக்குக் கோந்து தடவிக்கொண்டிருப்பேன். கட்டடத்துக்கும் மேலே ஒரு கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து கிரேன் ஓட்டிக்கொண்டிருக்க மாட்டேன். ஏணியில் ஏறும்போது கீழே பார்க்கிறவள்தான் விழுவாள். நான் பார்ப்பதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் ஒட்டடைக்குச்சி


பிப்ரவரி 2

என் ஒட்டடைக்குச்சிக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். நடுவிலவனுக்குச் சளி, கடைக்குட்டிக்குப் பல் ஆட்டம். அம்மாவின் முழங்கால் மழை வரும் என்று சொல்கிறது, மழைதான் வருவதில்லை.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீள ஊசி என்கிற இடத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டேன். கடைக்குட்டி பிறந்தபோது ரத்தம் நிற்காமல் நான் கிடந்த கிடப்பை நீதான் பார்த்தாய். உன் ரத்தந்தான் என்னுள் ஏறியது. அதனால் ஆஸ்பத்திரி இருக்கிற தெருவைக்கூட நான் சுற்றிக்கொண்டுதான் போகிறேன். உன்னை அங்கே கற்பனை செய்ய முடியவில்லை. இத்தனை வதை எதற்கு? என் மூன்றும் உன் பிள்ளைகள் இல்லையா?

என் சேதியும் ஒன்று உண்டு. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குப் போகிறேன் என்றேனே, இப்போது லென்ஸ் தேய்க்கிற எந்திரத்திலேயே உட்கார வைத்துவிட்டார்கள். சட்டத்தின் அச்சுக்குத் தக்கபடி விளிம்பைத் தேய்த்துப் பொருத்த வேண்டும். ஒரு இழை கூடினால் உள்ளே போகாது, குறைந்தால் விழுந்துவிடும். பதினாலு வருஷம் அடுப்படியில் இருந்தவள் கை இதற்கு வருமா என்று நினைத்தேன். வருகிறது! நேற்று ஒரு கிழவர் போட்டுப் பார்த்துவிட்டு, "என் பெண்டாட்டிக்கு இவ்வளவு சுருக்கமா?" என்றார். கடையே சிரித்தது.

வேலையிடத்தில் இந்த ஊசி சமாசாரத்தைச் சொல்லிவிடாதே. கால் சுளுக்கு என்று சொல்லி லீவு போடு.

அக்கா


பிப்ரவரி 20

அக்கா,

எல்லோரும் சுகமா? பல் விழுந்ததா?

ஊசி ஆரம்பித்தாயிற்று. நாள் முழுக்க அடுத்தவன் கழுத்தில் சவரக்கத்தி வைக்கிற மனுஷன், என் வயிற்றில் நகக்கண் நீள ஊசியைக் குத்தச் சொன்னால் பின்வாங்குகிறார். "நீயே குத்திக்கோயேன், நான் ஒண்ணு ரெண்டு எண்றேன்" என்றார். "முடிவெட்ட வந்தவன்கிட்டயும் இப்படித்தான் சொல்வீங்களா?" என்றேன். இப்போது நான் குத்திக்கொள்கிறேன், அவர் பஞ்சைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அதற்கும் ஒரு ஆள் வேண்டுமல்லவா.

வயிறு கல்லைக் கட்டியது போல் இருக்கிறது. சினைப்பை வீங்கியிருக்கிறது, ஏணி ஏறினால் முறுக்கிக்கொள்ளும், ஏறக்கூடாது என்று உத்தரவு. போர்மேனிடம் போனேன்.

"என்னம்மா, ரெண்டு வாரம் மேல ஏற மாட்டீங்களாமே, கால் சுளுக்கா?"

உன் புத்திமதி நினைவுக்கு வந்தது அக்கா. ஆனால் வாய் கேட்கவில்லை.

"இல்ல சார். கருமுட்டை எடுக்கப்போறாங்க. அதுக்கு ஊசி போட்டுக்கறேன்."

அவர் காது மடல் சிவந்துவிட்டது. "இதையெல்லாம் எங்கிட்ட சொல்லணுமா?"

"நீங்கதானே காரணம் கேட்டீங்க?"

"பொம்பளைங்கள மேல ஏத்தினா இப்படித்தான்னு அப்பவே சொன்னேன்."

"போன வருஷம் உங்க ஆம்பள டிரைவர் முதுகுவலின்னு மூணு மாசம் படுத்தாரே, அப்ப ஆம்பளைங்கள மேல ஏத்தினா இப்படித்தான்னு சொன்னீங்களா சார்?"

சுற்றி நின்ற கம்பி கட்டுகிறவர்கள் சிரிப்பை அடக்க இருமினார்கள். இப்போது கீழே நின்று வயர்லெஸ்ஸில் மேலே இருப்பவனுக்கு வழி சொல்கிறேன். என் கூண்டில் வேறு ஒருவன். அதுதான் ஊசியை விட வலிக்கிறது.

உன் மூன்றும் என் பிள்ளைகள்தான். யார் இல்லை என்றது? ஆனால் அவர்களுக்கு அடிபட்டால் உன்னிடம்தானே ஓடுவார்கள். என்னிடம் ஓடி வர ஒன்று வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அவ்வளவுதான். இதற்கு நான் வெட்கப்படப்போவதில்லை.

உடனே பதில் போடு.

உன் தங்கை


மார்ச் 9

அக்கா,

உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. வீட்டில் யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

முட்டை எடுத்தாயிற்று. முதுகுப் பக்கம் திறந்த அங்கியைப் போட்டு, கால் இரண்டையும் தூக்கிக் கட்டையில் வைத்து, தலைக்கு மேலே பெரிய விளக்கு. எத்தனையோ பேர் உயரத்தை நினைத்துப் பயப்படுவார்கள். நான் படுத்துக்கொண்டு மேலே பார்க்கத்தான் பயந்தேன். கையில் மருந்து ஏறியது. மயக்க டாக்டர் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டார். கிரேன் என்று சொல்ல வாயெடுத்தேன்; 'கி'யோடு போய்விட்டேன்.

கண் விழித்ததும், "எத்தனை?" என்றேன். "முதல்ல தண்ணி குடிங்க" என்றாள் நர்ஸ். "எத்தனை?" என்றேன் மறுபடியும். ஐந்து. அடிவயிற்றில் யாரோ கரண்டியால் வழித்தது போல் ஒரு வலி. ஆனாலும் சிரித்தேன். ஐந்து!

மறுநாள் போன் வந்தது, இரண்டுதான் கருவாயிற்று என்று. ஐந்தாம் நாள் மறுபடி போன். "ரெண்டும் நின்னுடுச்சும்மா." வண்டி நின்றுவிட்டது என்பது போல் சொன்னாள் அந்தப் பெண். அவள்மேல் குற்றமில்லை, வேறு எப்படிச் சொல்வாள்?

இவர் கடையைத் திறக்கவே இல்லை. நான் மறுநாளே ஏணி ஏறினேன். இன்னொரு தடவை பார்க்கலாம் என்கிறார் டாக்டரம்மா. ஜூனில் போகிறேன். யார் என்ன சொன்னாலும் போகிறேன்.

நீ ஏன் எழுதவில்லை?

உன் தங்கை


மார்ச் 20

சின்ன மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். என் முழங்கால் அப்படியேதான். அது போகும்போது என்னோடுதான் வரும்.

உனக்கு நல்ல சேதி. பெரியவள் மறுபடி முழுகாமல் இருக்கிறாள். நாற்பத்தியொரு வயதில் எப்படி என்று கேட்காதே, வந்துவிட்டது. அவள் ஏற்கெனவே மூன்றைக் கட்டி மேய்க்கிறாள். நீ ஒன்றுமில்லாமல் ஊசியில் உடம்பைக் கெடுத்துக்கொள்கிறாய். அவளுக்கு இது அதிகப்படி, உனக்கு இது இல்லாதது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய். அவள் பெறட்டும், நீ வளர்த்துக்கொள். பிறந்த கையோடு கொண்டுபோய்விடு. முகத்தை நாலு நாள் பார்த்தால் அவள் மனசு மாறிவிடும்.

உன் அத்தானுக்குச் சம்மதம். அவருடைய அண்ணனிடமும் கேட்டாயிற்று, அவருக்கும் சம்மதம். எனக்கு முழுச் சம்மதம். உன் மாப்பிள்ளை ஒன்றும் சொல்ல மாட்டார், நல்ல பிள்ளை.

இனி அந்த ஊசிகளை எல்லாம் குப்பையில் போடு.

அம்மா


மார்ச் 24

அக்கா,

இதைக் கண்ணாடிக் கடை விலாசத்துக்கு அனுப்புகிறேன். வீட்டுக்கு வந்தால் உனக்கு முன்னால் நாலு பேர் படிப்பார்கள். நீ சுகமா? சும்மா கேட்கவில்லை. நிஜமாகச் சொல், சுகமா?

அம்மாவின் கடிதம் வந்தது. ஒளிக்காமல் சொல்கிறேன்: ஆசைப்பட்டேன். ஒரு நாள் முழுக்க ஆசைப்பட்டேன். இவர் வந்து படித்தார். இருவரும் உள்ளறைக்குப் போய், ஜன்னலோரம் இருந்த தையல் மெஷினை நகர்த்தி, தொட்டிலுக்கு இடம் போதுமா என்று பார்த்தோம். போதும். மெஷினைத் திரும்ப அங்கேயே வைத்துவிட்டு இவர் கேட்டார்: "அக்கா ஏன் எழுதல?"

அதற்குப் பிறகு மறுபடி படித்தேன். எல்லோருடைய சம்மதமும் இருந்தது. அத்தானுடைய அண்ணன் சம்மதம்கூட இருந்தது. உன்னுடையதைத் தேடினேன், இல்லை. அந்தக் கடைசிப் பிரசவத்தில் உன் உள்ளங்கை வெளுத்துப்போய்க் கிடந்தது கண்ணுக்குள் வந்தது.

உனக்கு என்ன வேண்டும்? அம்மாவுக்கு என்ன வேண்டும், எனக்கு என்ன வேண்டும் என்பதை விட்டுவிட்டு எழுது.

தங்கை


மார்ச் 30

என் தங்கச்சிக்கு,

கடைக்குப் பின்னால், கண்ணாடித் தூள் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். சுகமா என்று நீ இரண்டு முறை கேட்டிருக்கிறாய். இல்லை.

எனக்கு வேண்டாம்.

எழுதிவிட்டேன். இதை எழுதத்தான் இத்தனை நாள் ஆயிற்று. அங்கே நீ ஒவ்வொரு முட்டையாகக் கேட்டுக் கேட்டு எண்ணிக்கொண்டிருக்கிறாய். கேட்காமலே எனக்கு ஒன்று வந்து உட்கார்ந்திருக்கிறது, அதை நான் விரும்பவில்லை என்று உன்னிடம் எந்த வாயால் சொல்வேன்? இரண்டு கருவும் நின்றுவிட்டது என்று நீ எழுதிய கடிதம் வந்த அன்று குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

தனியாகப் போய் டாக்டரைப் பார்த்தேன். பழைய விவரம் எல்லாம் கேட்டுவிட்டு, "போன தடவை மாதிரியே ஆகலாம்மா. நீங்க வேண்டாம்னா இப்பவே சொல்லுங்க, நாள் போகக்கூடாது" என்றார். வீட்டில் வந்து சொன்னேன். உன் அத்தான், "உன் தங்கச்சி அங்க வயித்தக் குத்திக்கிட்டுக் கிடக்கா. அவளுக்காகக்கூட உன்னால முடியாதா?" என்றார். அம்மா, "டாக்டருங்க பயமுறுத்தத்தான் செய்வாங்க" என்றாள். உன் பெயரைச் சொல்லும்போது என்னால் எதிர்த்துப் பேச முடியவில்லை.

அதனால் உன்னிடமே கேட்கிறேன். நீ வேண்டும் என்று சொன்னால் சுமக்கிறேன். நிஜமாகத்தான் சொல்கிறேன். உன் ரத்தம் என்னுள் இருக்கிறது.

அக்கா


ஏப்ரல் 2

அக்கா,

வேண்டாம்.

எனக்குக் குழந்தை வேண்டும். உன் உயிரை வைத்து வேண்டாம். உயிருக்கு ஒன்றுமில்லை என்று பத்து டாக்டர் சொன்னாலும் வேண்டாம். உனக்கு வேண்டாம் என்பதே எனக்குப் போதும். ரத்தம் கொடுத்தது கடனுக்கு இல்லை.

வெள்ளிக்கிழமை வருகிறேன், கலைக்க ஆஸ்பத்திரிக்குச் சேர்ந்தே போவோம். மாற்றுத்துணி இரண்டு எடுத்து வை. அத்தானிடம் நான் பேசுகிறேன். உயரத்தில் இருந்து சத்தம் போட்டுப் பழகிய தொண்டை, ஏமாற்றாது.

தங்கை


ஏப்ரல் 28

என் ஒட்டடைக்குச்சிக்கு,

நீ நலமா? மாப்பிள்ளை நலமா? நான் நலம். இந்த முறை நிஜமாகவே நலம். உதிரம் நின்றுவிட்டது, சோறு இறங்குகிறது, வேலைக்குப் போகிறேன்.

நீ போன பிறகு உன் அத்தான் கூடத்தில் பாயைப் போட்டுக்கொண்டார். "இது எங்க குடும்ப விஷயம்" என்று அவர் சொன்னதும் நீ கேட்டாயே, "குழந்தைய எனக்குத் தரும்போது நான் குடும்பம், வேண்டாங்கும்போது வெளியாளா அத்தான்?" என்று; அதை அவர் இன்னும் மென்றுகொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். நேற்று, கேட்காமலே என்னைக் கடையில் கொண்டுவந்து இறக்கிவிட்டார். வண்டியை மெதுவாக ஓட்டினார்.

அம்மாதான் இளகவில்லை. "உனக்காகத்தாண்டி பண்றோம், நன்றி கெட்டவளே" என்று அவள் கத்தியபோது நீ, "எனக்காக இன்னொருத்தி உசுரப் பந்தயம் வைக்க உனக்கு யாரு சொன்னது?" என்றாய். உன்மேல் இருக்கிற கோபத்தையும் சேர்த்து என்மேல் காட்டுகிறாள். என் தட்டைக் கடைக்குட்டி கையில் கொடுத்து அனுப்புகிறாள். பேச்சு அறவே இல்லை.

ஒன்று உனக்குத் தெரியுமா? நீங்கள் மூவரும் கத்திக்கொண்டிருந்தபோது நான் செருப்பை மாட்டிக்கொண்டு, "நான் கிளம்பறேன்" என்றேன். அந்த இரண்டு வார்த்தையை என் குரலில் கேட்டு எனக்கே ஆச்சரியம்.

அந்த ஆஸ்பத்திரியில் என்னை உள்ளே கூப்பிட்டபோது நீ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். பார்த்தேன். ஏன் என்று கேட்க மாட்டேன். நீயும் சொல்ல வேண்டாம்.

ஜூனில் நான் வருகிறேன். லீவு கேட்டேன். முதலாளி காரணம் கேட்டார். சொன்னேன்.

அக்கா


ஜூலை 15

அம்மா,

உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா? இவர் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். நீ பதில் போட மாட்டாய் என்று தெரியும். நான் எழுதுவதை அது நிறுத்தாது.

மறுபடியும் முட்டை எடுத்தார்கள். இந்தத் தடவை ஒன்பது. அதில் மூன்று கரு நன்றாக வளர்ந்திருக்கிறது, உறையவைத்திருக்கிறார்கள். வயிறு உப்பி ஒரு வாரம் செருப்பைக்கூடக் குனிந்து போட முடியவில்லை. அக்காதான் எல்லாம் செய்தாள்.

அவளை நீ பார்த்திருக்க வேண்டும் அம்மா. அறைக்குள் போகும் முன் ஆஸ்பத்திரிக்காரர் ஒருவர் என்னை விட்டுவிட்டு இவரிடம், "உங்க மனைவிக்கு எல்லாம் விளக்கியாச்சா? அவங்களுக்குச் சம்மதந்தானே?" என்றார். இவர் வாயைத் திறப்பதற்குள் அக்கா, "அவ இங்கதானே உக்காந்திருக்கா? அவகிட்டயே கேளுங்க. வாய் அவளுக்குத்தானே இருக்கு" என்றாள். யார் தெரியுமா? தபால்காரரிடம்கூட கதவுக்குப் பின்னால் நின்று பேசுகிற உன் பெரிய மகள். வரிசையில் இருந்த பெண்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி கை தட்டினாள்.

பேரன் பேத்தி வேண்டும் என்று நீ நினைத்ததில் தப்பில்லை. எனக்கு நல்லது செய்ய நினைத்தாய் என்பதும் தெரியும். ஆனால் அவளைக் கேட்கவில்லை, என்னையும் கேட்கவில்லை. இப்போது அவளிடம் பேசுவதும் இல்லை. ஒரே வீட்டில், ஒரே சமையல்கட்டில், மூன்று மாதமாக. அவள் செய்தது சரி. இன்னொரு தடவை அப்படி நேர்ந்தாலும் நான் அவளோடுதான் ஆஸ்பத்திரிக்குப் போவேன்.

அடுத்த மாதம் ஒரு கருவை உள்ளே வைக்கிறார்கள்.

சின்னவள்


ஆகஸ்ட் 4

சின்ன மகளுக்கு,

ஒத்தடத்துக்கெல்லாம் இது கேட்காது. மாப்பிள்ளையை வேளைக்குச் சாப்பிடச் சொல்.

கோபம் ஆறிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. இரண்டு பேரும் என்னை நாலு பேர் முன்னால் வில்லியாக்கிவிட்டீர்கள். பெரியவளிடம் நான் என்ன பேசுவது? அவளுக்குத்தான் இப்போது வாய் முளைத்துவிட்டதே.

உறையவைப்பது என்கிறாயே, அந்தக் குளிரை அது தாங்குமா?

கனமான எதையும் தூக்காதே. தங்கினால் எழுது. தங்காவிட்டாலும் எழுது.

அம்மா


செப்டம்பர் 6

அம்மா,

சுகமா? எழுதச் சொன்னாய், எழுதுகிறேன். தங்கவில்லை.

நேற்றுக் காலை ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. நேற்று முழுக்க அழுதேன். இவர் என் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டார். முடிவெட்டுகிற கை, அதற்கு அதுதான் தெரியும். இன்று காலை ஏணி ஏறினேன். பத்தொன்பதாவது மாடிக்குக் கண்ணாடிச் சுவர் தூக்கினோம். காற்று பலமாக இருந்தது. ஒரு கீறல் விழாமல் கொண்டுபோய் வைத்தேன். போர்மேன் வயர்லெஸ்ஸில், "சபாஷ்" என்றார். அவர் வாயிலிருந்து அது வருவதே அபூர்வம்.

இன்னும் இரண்டு கரு இருக்கிறது. குளிரைத் தாங்குமா என்று கேட்டாயே. தாங்கும் அம்மா, தாங்கிக்கொண்டுதான் இருக்கிறது. டிசம்பரில் மறுபடி வைக்கச் சொல்லியிருக்கிறேன். அதுவும் தங்காவிட்டால், அதற்குப் பிறகு என்ன என்பதை நானும் இவரும் முடிவு செய்வோம். ஊர் கூடிச் சம்மதிக்க வேண்டாம்.

ஒரு விஷயம். அக்காவுக்கு இன்னும் தெரியாது. தினமும் தபாலை எதிர்பார்த்துக்கொண்டிருப்பாள். நான் அவளுக்கு எழுதப்போவதில்லை, போனும் பண்ணப்போவதில்லை. நீதான் சொல்ல வேண்டும். தட்டோடு கடைக்குட்டியை அனுப்பாதே. நீயே எழுந்து போய், அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்.

அவள் அழுவாள். நீ அங்கேயே இரு.

சின்னவள்